ராக்கெட்டில் ஓட்டை போட்டவர்

லேத் மெஷின் வாங்கிய வகையில் அவர் தன் அக்காவுக்கு ஒன்றரை லட்சம் கடன்பட்டிருந்தார். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. தையல் மிஷினை மிதித்து மிதித்து அக்கா சேர்த்த பணம். "உன் கையை நம்பித் தர்றேன்டா, கொண்டு போ" என்றாள். அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் இரும்பைக் கடைவதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊர் சொல்லட்டும் என்று காத்திராமல் அவரே சொல்லிவிடுவார். மயிரிழையை எட்டாக வகுந்து காட்டுவேன் என்று டீக்கடையில் அளந்து அளந்து, 'மயிரிழை' என்றே பேராகிவிட்டது.

அந்தப் பேரை விசாரித்துக்கொண்டுதான் கண்ணாடி போட்ட பொறியாளர் பெண் பட்டறைக்கு வந்தாள். சின்னச் செயற்கைக்கோள்களைக் குறைந்த செலவில் ஏவ ராக்கெட் செய்யும் கம்பெனி அவளுடையது.

"பெரிய இடத்துல யானை விலை சொல்றாங்க. நீங்க செய்வீங்களாண்ணே?"

"செய்வீங்களாவா? என்னம்மா கேள்வி இது!"

உள்ளங்கை அகலத் தட்டு. அதில் பொடிப்பொடியாக ஓட்டைகள். அவற்றின் வழியாகத்தான் எரிபொருள் பீய்ச்சியடித்து எரியும். முதல் தட்டு தேறினால் முழு ஆர்டரும் அவருக்கு, பாதிப் பணம் முன்பணம்.

அதே மாதம் அக்காவின் தையல்கடைக்கு இடி விழுந்தது. "அட்வான்ஸ் கொடுத்துக் கடையை நீ வாங்கிக்கோ, இல்லன்னா காலி பண்ணு" என்றார் கட்டடக்காரர். அக்கா தம்பியிடம் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "வேலை எப்படிடா போகுது?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் அவரை வாட்டியது.

தட்டைப் பளபளவென்று முடித்துக் கொடுத்தார். தண்ணீரை அழுத்தி விட்டுச் சோதித்தார்கள். ஒரு தாரை நேரே போனது, இன்னொன்று கோணிக்கொண்டது.

பொறியாளர் பெண் தட்டைத் தடவிப் பார்த்தாள். "ஓரமெல்லாம் மழுக்கிட்டீங்களா? கத்தி மாதிரி இருக்கணும்னு டிராயிங்ல போட்டிருந்தோமே. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி மழுங்கினா தாரை கோணிக்கும்."

துளையோரம் நீட்டி நிற்கும் பிசிறை எடுத்து ஓரத்தை மழுக்காமல் சாமானை வெளியே அனுப்புவது, அவருக்குச் சட்டை போடாமல் கல்யாணத்துக்குப் போவது மாதிரி.

"கையைக் கிழிச்சிடுமேம்மா!"

"ராக்கெட்டுக்குள்ள யாருண்ணே கையை விடப் போறா?"

அக்காவின் கடை மயிரிழையின் கண்முன்னே பூட்டிக்கொண்டது. பொறியாளர் பெண் வேறு ஆளைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. புதுத் தகடு ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"ஓட்டையெல்லாம் இம்மி பிசகலண்ணே. கையால தேய்க்காம பிசிறு போகுமான்னு பாருங்க. தகட்டுக்குக் காசு வேணாம்."

அந்த நல்ல மனசை அவர் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார், தன் பெருமைக்கு நடுவே இடம் ஒதுக்கி. பிசிறு அதிகம் கிளம்பாமலிருக்க, தகட்டுக்கு அடியில் இன்னொரு தகட்டை இறுக்கிப் பிடித்துத் துளை போட்டார். பிறகு லேத்தில் மாட்டி இரண்டு முகத்தையும் மெல்லச் சீவினார். பிசிறும் போனது, ஓரமும் கத்தியாக நின்றது. தாரைகள் சீப்பால் வாரியது போல நேரே விழுந்தன. அந்தத் தட்டை வைத்தே இன்ஜினை எரித்துப் பார்த்தார்கள். கம்பெனியே கை தட்டியது.

முன்பணம் வந்த அன்றே தையல்கடைக்குப் போனார்.

"பேங்குல போட்டா ஆகாதாடா, ராக்கெட் முதலாளி?"

"ஆகாது. நீ கையில கொடுத்த, கையிலதான் வாங்கணும். நீட்டுக்கா."

ஊசி குத்திக் காய்த்த உள்ளங்கையை அக்கா விரித்தாள். எச்சில் தொட்டு, வாய்விட்டு எண்ணி, ஒவ்வொரு நோட்டாக அவர் வைத்தார்.