மாமனாரின் காரில் பேசிய ரேடியோ

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காப்பர் காயில் சுற்றுகிறவன், நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவன். இப்படிப்பட்டவன் உட்கார்ந்து எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் மாமனாரிடம் ஒரு பழைய அம்பாசிடர் உண்டு. ஆவடியில் சொந்த வீட்டில் இருந்தவரை தினமும் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். மகனோடு வானகரம் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது அங்கே ஒரு காருக்குத்தான் இடம் இருந்தது. அதில் மச்சினன் தன் காரை நிறுத்திவிட்டான். அதனால் அம்பாசிடர் கொரட்டூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், கொடுத்தார் என்று சொல்ல முடியாது.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா, ஒரு வருஷம் வெச்சிருக்கட்டும். எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். ஒரு ஓட்டை, ஒரு ஒயர் புதுசா இருந்தாலும் வித்துடுவேன். கேட்டு ஆள் நிக்குது" என்று என் மனைவியிடம் சொன்னார். அப்போது நான் அவருக்குப் பக்கத்தில், தோள் இடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் பேச்சு எப்போதும் அப்படித்தான். சண்டை ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். எனக்குக் கூச்சம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நடுவில் என் மனைவிதான் தபால்காரி. பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்போம். "மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமா கேளும்மா" என்பார். அவள் சமையலறையிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

வண்டி எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்தால் நானும் ஒரு ஆள் மாதிரித் தோன்றும். பஸ்காரனே வழி விடுவான். வருஷம் முடிந்ததும் மாமனார் அதை என் பேருக்கு மாற்றித் தர வேண்டுமே என்று வேண்டாத சாமி இல்லை.

குறை என் மனைவிக்குத்தான். "உங்ககூட வண்டியில வர்றதும் காலி சிலிண்டரோட வர்றதும் ஒண்ணுதாங்க. அதுவாவது குலுங்கினா சத்தம் போடும். எனக்கு ஒரு பாட்டாவது வேணும்" என்றாள்.

டாஷ்போர்டு நடுவில் ஒரு பழைய ரேடியோ பல வருஷமாக ஊமையாகக் கிடந்தது. அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே தாராளமாக இடம். சின்ன ப்ளூடூத் போர்டு ஒன்றை வாங்கி அதற்குள் உட்கார வைத்தேன். ஸ்பீக்கர் ரேடியோவின் பழைய ஜல்லடை மூடிக்குப் பின்னாலேயே அடங்கிவிட்டது. புது ஒயருக்குப் பழைய ஒயரிலிருந்து உரித்த துணி நாடாவைச் சுற்றினேன். ஒரு ஓட்டை கூடப் போடவில்லை. பழைய குமிழைத் திருகினால் போதும், சட்டைப் பையில் இருக்கும் என் போனிலிருந்து பாட்டு ரேடியோவில் வரும். நானே சொல்லக் கூடாது, பிரித்துப் பார்த்தாலொழிய யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு தொல்லை. குமிழைத் திருகிய உடனே அந்தப் போர்டிலிருந்து ஒரு பெண், "ப்ளூடூத் ஈஸ் ரெடி!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி இங்கிலீஷில் கத்துவாள். பாட்டின் சத்தத்தைக் குறைக்கலாம், அந்த அம்மாவின் சத்தத்தைக் குறைக்க முடியாது. அவள் பேசும் நேரத்துக்குச் சரியாக இரும நான் பழகிக்கொண்டேன்.

வருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், கதவுகளைத் தட்டிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். "ம்" என்றார். பிறகு மனைவியிடம், "திருவேற்காடு போயிட்டு வருவோம். வண்டி எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்னு சொல்லும்மா" என்றார்.

அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். மனைவி பின்னால். பழைய பழக்கம் போல, ஏறியதும் அவர் கை நேராக ரேடியோக் குமிழுக்குப் போய்த் திருகியது. நான் நுரையீரல் வெளியே வருகிற மாதிரி இருமினேன்.

"மாப்பிள்ளைக்குச் சளியா கேளும்மா."

"ஆமாம்பா, ஒரு வருஷமா" என்றாள் அவள்.

ஊமை ரேடியோதானே என்று அவர் விட்டுவிட்டார். குமிழைத் திரும்ப அணைக்கவும் இல்லை. நான் கை நீட்டி அணைத்தால் சந்தேகம் வருமே என்று அப்படியே ஓட்டினேன்.

கோயில் தெருவில் ஓரமாக நிறுத்தியதும் மனைவி பூ வாங்க இறங்கிப் போனாள். நானும் மாமனாரும் மட்டும். எனக்குத் தெரிந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் என் பக்கம் திரும்பாமல் நேரே கோபுரத்தைப் பார்த்தார். நான் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன்.

போன் அடித்தது. எனக்குப் போன் செய்கிறவள் என் மனைவி ஒருத்திதான். காரில் அவள் எப்போதும் கூடவே இருப்பாள். அதனால் போன் பேச்சும் அந்த ரேடியோவில்தான் வரும் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. பதற்றத்தில் எடுத்துவிட்டேன்.

"ஏங்க," என்றது ரேடியோ. "அப்பா திரும்ப ரேடியோவத் தொட்டாரா? தொட விடாதீங்க. தெரிஞ்சா வண்டிய வித்துடுவாரு. ஏதாவது பேசிகிட்டே இருங்க. பேச வரலன்னா இருமுங்க."

எனக்கு இருமல் கூட வரவில்லை.

மாமனார் மெதுவாக முன்னால் சாய்ந்தார். ரேடியோவைப் பார்த்து, "ஏம்மா, மாப்பிள்ளையக் கேளு. இது எப்படிப் பேசுது?" என்றார். போர்டில் கடுகளவு மைக் ஒன்றும் இருக்கிறது. அது வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ரேடியோவில் தெருச் சத்தத்தோடு, "ஐயோ" என்று மெல்லக் கேட்டது. பிறகு, "ஏங்க, அப்பா கேக்கறாரு, எப்படிப் பேசுதுன்னு" என்றாள்.

"உள்ள போர்டு வெச்சிருக்கேன்னு சொல்லு."

"உள்ள போர்டு வெச்சிருக்காராம்பா."

"எங்க ஓட்டை போட்டாருன்னு கேளு."

"எங்கங்க போட்டீங்க?"

"எங்கயும் போடலன்னு சொல்லு."

அப்போது ரேடியோவில் இன்னொரு குரல் வந்தது. பூக்காரம்மா. கடையிலிருந்து எங்கள் வண்டி தெரியும் போல. "இன்னாக்கா, ரெண்டு பேரும் ஒரே வண்டிலதான குந்திகினுகீறாங்க? அப்பால இன்னாத்துக்கு உன்னாண்ட பேசறாங்க? வாயில கொழுக்கட்டையா வெச்சிகினுகீறாங்க? நீ போன வெச்சிட்டு பூவ வாங்கு."

மனைவி போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது இனிப் பேசாது என்று புரிந்தது. மாமனார் தொண்டையைச் செருமினார்.

"நிஜமா ஓட்டை போடலையே?"

"இல்ல மாமா."

அவர் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். ஜல்லடையைத் தடவினார். ஒயரை இழுத்து, துணி நாடாவை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். வண்டியைச் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தவர், எது புதுசு என்று கண்டுபிடிக்க முடியாமல் விழித்தார்.

"எங்கதான் வெச்சீங்க?"

சொன்னேன். போர்டு, ஸ்பீக்கர், நாடா, இங்கிலீஷில் கத்துகிற அம்மா, இருமல், எல்லாம் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசி என் மனைவியே கேட்டதில்லை. இருமல் விஷயம் வந்தபோது அவர் வயிறு குலுங்கியது. "பாட்டு வருமா?" என்றார். போட்டேன்.

மனைவி கை நிறையப் பூவோடு ஓடி வந்தாள். பின்கதவு திறந்த சத்தம் கேட்டதும் மாமனார் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா. வண்டி அவர்கிட்டயே இருக்கட்டும். அவர் பேருக்கே மாத்திக்கலாம். அந்த இங்கிலீஷ்காரம்மா வாயை மட்டும் எப்படியாவது மூடச் சொல்லு."

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். அந்தக் குரலை மட்டும் தனியாக நிறுத்த வழி இல்லை. திரும்ப மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.