சக்ரவர்த்தி மாமாவின் நூறு ஆக்டேன் ஆசாரம்

எங்கள் சின்ன காஞ்சிபுரம் தெருவில் முதன்முதலாக ஹைபிரிட் கார் வாங்கியவர் எதிர்வீட்டு சக்ரவர்த்தி மாமா. ஓய்வுபெற்ற சமஸ்கிருத வாத்தியார். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அந்த மடி காருக்கும் வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை.

பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தார். எத்தனால் என்றால் சாராயம்தான் என்று யாரோ ஒரு புண்ணியவான் விளக்கமும் கொடுத்துவிட்டான். மனுஷர் ஆடிப்போய்விட்டார். நூறு ஆக்டேன் பெட்ரோலில் அது கிடையாது என்று கேள்விப்பட்டு, இனி அதைத்தான் போடுவேன் என்று கிளம்பினார். அதற்குச் சென்னை போக வேண்டும். போனார். வாங்கியதில் ஒரு பங்கு வீடு திரும்புவதற்குள்ளேயே தீர்ந்துவிடும்.

காரோடு வந்த புத்தகத்தில் தொண்ணூற்றொன்று போதும் என்றுதான் போட்டிருந்தது. ஆக்டேன் என்பது வேறொன்றுமில்லை, எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன்னால் வெடித்துவிடாமல் பெட்ரோல் பொறுத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் மாமாவுக்கே ஆக்டேன் குறைச்சல். புத்தகத்தைக் காட்டியதற்கு, "நோக்கு என்னடா தெரியும்?" என்று என்மேல் பாய்ந்தார். ஊருக்குள் கார் பாதி நேரம் பேட்டரியிலேயே ஓடியதால் அவருடைய பிடிவாதமும் ஓடிக்கொண்டிருந்தது.

போன ஆவணியில் ஒரு காலை, வேலூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். மகள் ஸௌம்யாவுக்கு மாதம் நிறையும் முன்பே வலி எடுத்துவிட்டது, ஆபரேஷனாம், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறாளாம். மாமாவும் வரலக்ஷ்மி மாமியும் போட்டது போட்டபடி புறப்பட்டார்கள். வழியில் தாமல் கிராமத்தை நெருங்கும்போது பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. ஹைவேயில் பேட்டரியை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும்? மாமா அங்கிருந்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்.

"நூறு ஆக்டேன் இருக்கா?"

"அதெல்லாம் இங்க வர்றதில்ல சார். நார்மல்தான் இருக்குது. எல்லாரும் இதத்தான் போட்டுக்கினு போறாங்க."

மாமா இறங்கி நின்று யோசித்தார். மாமிக்குப் பொறுக்கவில்லை.

"கொழந்த அங்க அழுதுண்டிருக்கா, நீங்க ஆக்டேன் பாத்துண்டு நிக்கறேளே! ரொப்புப்பா டேங்க்க. ஏன்னா, சாவியக் குடுங்கோ. வரதுன்னா ஏறுங்கோ, இல்லேன்னா பஸ்ஸப் பிடிச்சு வாங்கோ."

மாமா சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். கார் ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓடியது. அதுதான் அவருக்கு இன்னும் வருத்தம் என்று மாமி பிறகு சிரித்தார்.

ஸௌம்யாவை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் மாமி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துவிட்டார். பெண் குழந்தை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். மாமா தூக்கக் கை நீட்டினார். நர்ஸ் தடுத்து, சுவரில் மாட்டியிருந்த புட்டியைக் காட்டினாள்.

"அத கையில தேச்சிக்கினு வாங்க சார். கொற மாசக் கொழந்த."

மாமா புட்டியை அமுக்கிக் கையில் கொஞ்சம் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, நெடி அடிக்கறது?"

"ஆல்கஹால்தான் சார்."

மாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டார். பிறகு, போதுமோ போதாதோ என்று புட்டியை இன்னொரு தரம் அமுக்கினார்.