மக்காவ் சூதாட்ட மாளிகையில் நான் சொல்லிவிட்டு வந்த சொல்

இதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

அக்கா மகள் கவிதாவின் கல்லூரித் தோழிகள் கூட்டத்துக்குக் காவலாகப் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஹாங்காங் வந்தவன், இன்று அவர்களோடு படகேறி மக்காவ் போனேன். புறப்படும்போதே மனைவி என்னைக் கற்பூரம் அணைக்கவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "சீட்டாடற பக்கம் இனித் தலை வெக்கக் கூடாதுங்க."

அந்தச் சூதாட்ட மாளிகை பாலக்காட்டுக் கோட்டையை நாலு முறை விழுங்கி ஏப்பம் விடும். கூரைத் தங்கத்தில் மலம்புழை அணைக்கே முலாம் பூசலாம். சன்னலும் இல்லை, கடிகாரமும் இல்லை.

ஓரத்து மேசையில் நூறு வருடத்துக்கு முந்தைய கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு கிழவர் தனியாகச் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிழல் விழவில்லை.

நான் எதையும் தொடவில்லை. படகுக்கு நேரமானதும் வாசலில் நின்று, ஊர்ப் பழக்கத்தில், "போயிட்டு வர்றனுங்க" என்றேன்.

கவிதா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க மாமா, சூதாடற எடத்துல போயிட்டு வர்றேன்னு சொல்லுவாங்களா?"

"போறேன்னு சொல்லக் கூடாது கண்ணு."

கிழவர் நிமிர்ந்தார். "நானும் ஊட்டுல அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தானுங்க கப்பலேறுனேன்."

சரி, தங்கமும் கிழவரும் நான் அளந்துவிட்டது. அந்த மேசை காலியாகத்தான் இருந்தது.

ஆனால் நான் சொன்னதும் முதுகுக்குப் பின்னால், "செரிங்க, வாங்க" என்று ஒரு குரல் கேட்டது உண்மை. நம்ம ஊர்ப் பேச்சு. எங்கள் கூட்டம் முழுக்க எனக்கு முன்னால் நின்றது.

மனைவிக்குக் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம், திரும்பி வருவதாக அங்கே கொடுத்த சொல் ஒரு பக்கம். எதைக் காப்பாற்றட்டும்? அவள் இதைப் படிப்பதற்குள் சொல்லுங்கள்.