ஃபெர்மினைக் கூப்பிட்ட ரேடியோ

செனோபியா டீச்சர் ரேடியோவில் புருஷன் தேடினாள் என்று சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிற தொமித்திலா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். மேல்மலையிலிருந்து ஒருவன் வந்தும் சேர்ந்தான் என்று கண்ணடிப்பாள். வந்தது உண்மை. எதற்கு வந்தான் என்பதைக் கேளுங்கள்.

கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடிய வருடம். மேல்மலையில் டவர் கிடையாது. பேட்டரி ரேடியோ ஒன்றிரண்டு உண்டு. அதனால் சரித்திரப் பாடத்தை டீச்சர் ஊர் ரேடியோவில் நடத்தினாள். பூட்டன் காலத்துப் போருக்குத் தகரத்தைத் தட்டிப் பீரங்கி வெடிப்பாள், மக்காச்சோளத்தை உருட்டிக் குதிரைப்படையை ஓட்டுவாள். கேள்வி கேட்டுவிட்டு, வகுப்புப் பழக்கத்தில், பதிலுக்காக நிறுத்துவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோக்காரன் தியோஃபிலோ கையை ஆட்டுவான்.

"யாரு இருக்கா டீச்சர் பதில் சொல்ல? ரேடியோ செத்துப்போச்சுன்னு சனங்க பேட்டரிய கழட்டிடப் போறாங்க."

பிள்ளைகள் கேட்கிறார்களா, இல்லையா? அது தெரியாமல் அவளுக்கு ஒரு வாய் சூப்பு இறங்கவில்லை. பூட்டிய பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் 'நான் சொல்றேன், நான் சொல்றேன்' என்று உள்ளே பிள்ளைகள் முண்டியடிக்கிற மாதிரியே இருக்கும்.

பாடத்துக்கு முன்னால் சேதி நேரம். இன்னார் கழுதையோடு பாலத்துக்கு வரவும் என்று மலைக்காரர்களுக்குச் சேதி போவது அதில்தான். அன்றைக்குச் சேதி முடிந்த கையோடு, பாடம் என்றுகூடச் சொல்லாமல், போருக்குப் போனவனின் மனைவியாக டீச்சர் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஃபெர்மின், நான்தான். கிழங்கு தோண்டியாச்சு. கதவுக்குத் தாழ் போடறதே இல்ல. எப்ப வருவ?"

வழக்கம்போல நிறுத்தினாள். தியோஃபிலோ கையை ஆட்ட மறந்துபோனான்.

மேல்மலையிலும் ஒரு ஃபெர்மின் இருந்தான், பெண்டாட்டியை இழந்தவன். ஞாயிற்றுக்கிழமை தலையைப் படிய வாரி, சுமை தூக்கும் லாமா மிருகத்தின் மேல் கிழங்கு மூட்டையோடு, சந்தையே பார்க்க டீச்சர் வாசலில் வந்து நின்றான். அது பாடம் என்று சொல்வதற்குள் டீச்சருக்கு வியர்த்துவிட்டது. அவன் முகம் தொங்கிப்போனது.

"பிள்ளைங்க அப்பவே சொல்லுச்சுங்க. அது பழைய சண்டைக் கதை, போகாத மாமான்னு. நான்தான் கேக்கல."

"எந்தப் பிள்ளைங்க?"

"எல்லாந்தான். எங்க வீட்டு ரேடியோவைச் சுத்தித்தான உக்காருதுங்க. நீங்க கேட்டுட்டு நிறுத்துவீங்கல்ல, அப்ப ஒரே கத்தல். என் காதே அடைச்சுப்போவுது."

டீச்சர் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் யார், என்னென்ன கத்தினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சந்தை கலைந்த பிறகும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கும் தொமித்திலா வாயைத் திறந்தால் டீச்சர் விடமாட்டாள்.

"புருஷனையா கூப்பிட்டேன்? பதில் வேணும்னு கூப்பிட்டேன். அதக் கொண்டாந்தவன் ஃபெர்மின். அவன் குடுத்துட்டுப் போன கிழங்குகூட சரியா வேகல."