ஆடு புலிக் கல்லும் நான் போட்ட கையெழுத்தும்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் சத்திரத்தில் நடந்தது இது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். கோபமாகச் சொல்வதைக் கோபமாகவே எழுது, தேன் தடவாதே என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

சத்திரம் நின்ற இடம் என் மாமனார் கொடுத்தது. கட்டினவர்கள் நகரிக்கு அந்தப் பக்கத்து ஆந்திர ஊர்க்காரர்கள். காவடி எடுத்து வந்தால் தங்க ஒரு இடம் வேண்டும் என்று கல்லும் ஆளும் அவர்களே கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு தூண், ஒவ்வொன்றின் தலையிலும் வாழைப்பூ தொங்குகிற மாதிரி செதுக்கல். அதைப் பார்த்து எங்கள் தெருவில் இரண்டு வீட்டு முகப்பில் அதே வாழைப்பூவைச் சிமெண்டில் வைத்துக்கொண்டார்கள்.

தரை முழுக்கக் கருங்கல் பலகை. மூன்றாவது தூணுக்குப் பக்கத்துப் பலகையில், கட்ட வந்த கல்தச்சர் ஒருவர் ஆடு புலி ஆட்டக் கட்டம் வெட்டி வைத்தார். புலி உட்காரும் உச்சியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மயில். முருகன் மலையாயிற்றே என்று வெட்டினாராம். மெட்ராஸ் ரயிலில் வந்தவர்களும் ஆந்திரா பஸ்ஸில் வந்தவர்களும் அந்தக் கல்லைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இவர்களுக்குத் தெலுங்கு வராது, அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வராது. புளியங்கொட்டை புலி, கூழாங்கல் ஆடு. அதற்குமேல் பேச்சு எதற்கு?

எனக்கும் சத்திரம் கட்டின அந்த ஆந்திர ஊரிலிருந்து ஆட்டத்துக்கு ஒரு ஜோடி உண்டு, தமிழ் பேசுகிறவள். முப்பது வருஷமாக ஆடிக்கு ஆடி வருவாள். அவள் என்னை வதினா என்பாள், தெலுங்கில் அண்ணி என்று அர்த்தம், நானும் அவளை வதினா என்பேன். நாத்தனார் மாதிரி சண்டை போட்டுக்கொண்டே ஆடுவோம். சத்திரத்துச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். அந்தக் கர்வம் எனக்கு எப்போதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் சித்திரையில் மராமத்துக் கமிட்டி ஒன்று போட்டார்கள். கான்ட்ராக்டர் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். இடம் கொடுத்த குடும்பம் என்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். கூரை ஒழுகுகிறது என்று முன்பே எல்லோரும் பேசியதால் அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா" என்றார்.

எனக்குப் பெயர் எழுதத் தெரியும், பஸ் போர்டு தெரியும். அவ்வளவுதான். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியை எடுத்து மாட்டினேன். காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தேன். உதட்டைக்கூட அசைத்தேன். "ஆங், சரியாத்தான் இருக்குது" என்று கையெழுத்துப் போட்டேன். சாவியையும் கொடுத்துவிட்டு, ஆர்.கே.பேட்டையில் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டேன். பச்சை உடம்புக்காரியை விட்டு வர முடியாமல் ஆடி பிறந்த பிறகுதான் திரும்பினேன்.

சத்திரத்துக் கதவைத் திறந்தால் தரையில் என் முகம் தெரிகிறது. சுவருக்குச் சுவர் வெள்ளை டைல்ஸ். கான்ட்ராக்டர் உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ணி வச்சிகிற? கல்லு எங்க?"

"அடியிலதாம்மா கீது, எங்க ஓடிப்போவும்? பளபளன்னு மெட்ராஸ் கல்யாண மண்டபம் கணக்கா கீதா இல்லையா?"

"பொய்கையில முழுகிட்டு ஈரக்காலோட வர்றவன் இதுல நடப்பானா, சறுக்குவானா? யாரைக் கேட்டுப் போட்ட?"

அவர் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். "தரை டைல்ஸுன்னு ரெண்டாவது வரியிலயே கீதும்மா. படிச்சுட்டுத்தான போட்டீங்க?"

படிக்கத் தெரியாது என்று அப்போதும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன். மூன்றாவது தூண் பக்கத்தில் இரண்டு டைல்ஸைப் பெயர்த்தேன். தடுக்க ஒருத்தரும் கிட்டே வரவில்லை. சிமெண்டைச் சுரண்டிப் பார்த்தால், கல் அம்மை போட்ட முகம் மாதிரி கிடந்தது. சிமெண்ட் பிடிக்க வேண்டும் என்று பலகை முழுக்க உளியால் கொத்தியிருந்தார்கள். கட்டம் இல்லை, மயில் இல்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, கான்ட்ராக்டரையும் கமிட்டியையும் பெயர் சொல்லிச் சொல்லித் திட்டினேன். திட்டினதில் ஒரு வார்த்தையையும் இன்றுவரை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கிருத்திகைக்கு முதல் நாள் அந்த ஊர்க்காரர்கள் வந்தார்கள். வந்ததும் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். வதினா சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தூணுக்கு வந்து குழியைப் பார்த்தாள்.

"ஏம் வதினா, இந்த வருசமும் தோத்துடுவோம்னு கல்லையே தூக்கிட்டியா?"

சிரிக்கத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில்தான் உண்மை வெளியே வந்தது. "எனக்குப் படிக்க வராது வதினா. படிக்கிற மாதிரி நடிச்சுக் கையெழுத்து போட்டுட்டேன்" என்றேன்.

"அடிப்பாவி, எனக்கும் வராது. கண்ணாடி மாட்டிகினு உக்காந்துகினு இருப்பியா, நீ பெரிய படிப்பாளின்னு முப்பது வருசமா பயந்துகினுல்ல ஆடினேன்" என்றாள். பிறகு, "அழாத. உன் மயிலு எங்க ஊர்ல கீது" என்றாள்.

அவர்கள் ஊர் அம்மன் கோயில் மண்டபத்துக்குத் தரை போட்டபோது, அந்த ஊர்த் தச்சர் இங்கே வந்து நூல் பிடித்து அளவெடுத்துப் போனாராம். அம்மன் கோயிலில் எதற்கு மயில் என்று கேட்டவர்களுக்கு, "அது தணிகை மயிலு, அது இல்லாம கட்டம் ஏது" என்று சொல்லி வெட்டினாராம். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் அந்த ஊருக்குப் போனதில்லை. இடம் கொடுத்தவர்கள் நாங்கள், அவர்கள்தான் வர வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

தை மாதம் போனேன். கட்டம் இருந்தது. உச்சியில் அதே கட்டைவிரல் மயில், கழுத்தைத் திருப்பிக்கொண்டு. அன்று மூன்று ஆட்டம் ஆடினோம், மூன்றிலும் அவள்தான் ஜெயித்தாள். என்னை ஆட விடாமல் கண் அந்த மயில் மேலேயே போய்க்கொண்டிருந்தது.

கான்ட்ராக்டரிடமிருந்து திரும்ப வாங்கின சத்திரத்துச் சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. கான்ட்ராக்டரைத் தெருவில் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆள் படித்துப் பார்க்கத்தான் சொன்னார், அதுவும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் யார் காகிதம் நீட்டினாலும், சுற்றிப் பத்துப் பேர் இருந்தாலும், "எனக்குப் படிக்க வராது, நீயே சத்தமா படி" என்கிறேன். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால், என் மாமனார் கொடுத்த இடத்து மயிலைத் தொட்டுப் பார்க்க நான் வருஷா வருஷம் ஆந்திரா பஸ் ஏற வேண்டி வந்திருக்காது.