தொப்பித்தோட்டத்துக் கணினி

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் எங்கள் அலுவலகம். இருந்த இடத்திலிருந்தே தேயிலைத் தோட்டத்துக் கணினிகளுக்குள் நுழைந்து பழுது பார்ப்பது என் வேலை. நுழைய முடியாவிட்டால் பஸ் ஏற வேண்டும். அன்றைக்கு மட்டும் பஸ் ஏறவே கூடாது என்றிருந்தேன். மகளின் பள்ளிக்கூடத்தில் பின்னேரம் கலைவிழா. போன வருடம் நான் போய்ச் சேர்வதற்குள் ஆடி முடித்துவிட்டாள். ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

காலையிலேயே அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து கிளாக்கர் கூப்பிட்டார்.

"மிஸ், கொழுந்து எடை பதியிற கம்பியூட்டர் அப்படியே நின்னுருச்சுங்க. பொம்பளைங்க எல்லாம் மழையில நிக்கிறாங்க."

"ஆஃப் பண்ணிறாதீங்க. காலையில இருந்து பதிஞ்சதெல்லாம் போயிரும்."

தோட்டத்தின் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு கணினியே இல்லை என்றது திரை. கணினியின் இணைய முகவரி எண்ணைக் கொண்டு தேடலாமென்றால் அது அடிக்கடி மாறும். பெயர் தெரிந்தால்தான் உண்டு.

"பழைய கம்பியூட்டர்தானே?"

"இல்லீங்க, அது இடி விழுந்து போயிருச்சு. நம்ம எலக்ட்ரீசியன் நேத்துதான் புதுசு பூட்டினாரு."

"என்ன பேரு குடுத்தாரு?"

"தெரியலீங்களே. இன்னைக்கு அவரு லீவு, போனும் எடுக்க மாட்டேங்கிறாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த எலக்ட்ரீசியனை மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டுக் குடையை எடுத்தேன். கீழே கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்: "தொப்பித்தோட்டம் போறவங்க ஏறுங்க."

குடையைக் கீழே வைத்தேன். எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். வெள்ளைக்காரன் வைத்தது காகிதத்தில் இருக்கும். நம் ஆட்கள் வைத்ததுதான் வாயில் வரும். எந்தக் காலத்திலோ ஒரு துரை தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றமாட்டாராம். கிளாக்கரின் தோட்டம்தான் அது. எலக்ட்ரீசியனும் வாயில் வருகிற பெயரைத்தான் கணினிக்கு வைத்திருப்பார். ஆங்கில எழுத்தில் தொப்பித்தோட்டம் என்று தட்டினேன். உடனே கடவுச்சொல் கேட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

உள்ளே போய், சிக்கிக் கிடந்த எடைப் பதிவை விடுவித்ததும், "வந்துருச்சுங்க மிஸ்" என்றார் கிளாக்கர். முறைப்படி பழைய பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. இரண்டு பெயருக்கும் பதில் சொல்லும்படி செய்துவிட்டு, பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

ஒலிபெருக்கியில் மகளின் பெயரைப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் உள்ளபடி வாசித்தார்கள். மேடைக்கு வந்தவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள், காணாமல் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கடைசி வரிசையில் நின்று, வெட்கத்தை விட்டு, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.