ஓரகத்தியின் நோட்டு

அந்த வீட்டு மூத்த மருமகள் தையல் கடையில் வேலை பார்த்தாள். இளையவள் மருந்துக் கடையில் பில் போட்டாள். ஓரகத்திகள் இருவரும் தபால்வழியில் ஒரே பட்டப்படிப்பைப் படித்தார்கள்.

மூத்தவள் தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரிக்கு வரி கோடு போடுவாள். இளையவளோ அரை மணி நேரம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, துணி மடித்தபடி தனக்குத்தானே பேசிக்கொள்வாள். முதல் வருடத் தேர்வில் இளையவளுக்கு எழுபத்தெட்டு, மூத்தவளுக்கு நாற்பத்தொன்று. மாமியார் அதை வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னபோது மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இவள் எதையோ ஒளிக்கிறாள் என்று நினைத்தவள், இளையவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். பதில் ஒன்றுகூட இல்லை. பக்கம் பக்கமாக வெறும் கேள்விகள்.

"அதெல்லாம் எனக்குப் பதில் வராத கேள்விங்க, அக்கா," என்றபடி ஈரத் தலையோடு வந்து நின்றாள் இளையவள். "புக்க மூடிட்டு சொல்லிப் பாப்பேன். வராதத எழுதி வெச்சு, மூணு நாள் கழிச்சு திரும்பக் கேட்டுப்பேன். உங்களுக்கு வராதது வேறயா இருக்கும்ல?"

"சும்மாதான் பாத்தேன்." மூத்தவளின் முகம் கன்றிப் போயிற்று.

மறுநாள் கடையில் பட்டன் தைத்துக்கொண்டே, முந்தின நாள் பாடத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நாலு வரிக்கு மேல் நகரவில்லை. அன்றே தனக்கென்று ஒரு நோட்டு வாங்கினாள்.

அடுத்த வருடம் எழுபத்துமூன்று எடுத்தாள். வீடே மெச்சியது. "அவளுக்கு எவ்வளவு?" என்றுதான் மூத்தவள் முதலில் கேட்டாள். எண்பது என்றார்கள். சிரித்துக்கொண்டே ஓரகத்திக்குக் கை கொடுத்தாள். உள்ளே புகைச்சல் மட்டும் அடங்கவில்லை.